பிழையை அளந்த பேரறிஞர்

ஒரு நிலத்தின் நீளத்தை ஒருவன் இன்று அளக்கிறான். நாளை அதே சங்கிலியைக் கொண்டு மீண்டும் அளக்கிறான். இரண்டு அளவும் இம்மியளவும் மாறாது ஒன்றாய் அமைதல் அரிது. சங்கிலி சற்றே தொய்ந்திருக்கும். வெயிலில் இரும்பு நீண்டிருக்கும். கண் ஒரு நூலிழை தவறியிருக்கும். அளப்பவன் நேர்மையுடையவனாயினும், கருவி நல்லதாயினும், பிழை என்பது அளவைத் தொழிலை விட்டு முற்றும் நீங்குவதில்லை. பிழை நேர்ந்தால் அதனை மறைப்பதும், மறைக்க இயலாவிடத்து நாணுவதும் உலகத்தார் இயல்பு. அப்பிழையையே எதிரில் நிறுத்தி ஆராய்ந்து, அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டெனக் கண்டவர் சிலரே. அவருள் தலைசிறந்தவர் ஜெர்மானியக் கணித அறிஞர் கார்ல் பிரெடரிக் காஸ் ஆவார்.

காஸ் பிரவுன்ஷ்வைக் என்னும் நகரில் எளிய குடியிற் பிறந்தவர். தந்தையார் தோட்ட வேலையும் கொத்து வேலையும் செய்து குடும்பத்தைக் காத்து வந்தார். தாயார் டோரதியா எழுதக் கல்லாதவர். ஆதலால் மகன் பிறந்த தேதியை அவர் எங்கும் குறித்து வைக்கவில்லை. அன்று புதன்கிழமை என்பதும், கிறித்தவர் கொண்டாடும் விண்ணேற்றத் திருநாளுக்கு எட்டு நாள் முந்தியது என்பதுமே அவர் நினைவில் நின்றன. அத்திருநாளோ ஆண்டுதோறும் ஈஸ்டர் திருநாளையொட்டி மாறி வருவது. மகன் வளர்ந்து கணிதத்தில் வல்லவரான பின்னர், எந்த ஆண்டில் ஈஸ்டர் எந்நாளில் வரும் என்று காணுதற்கு ஒரு கணக்குமுறையை வகுத்தார். அம்முறையால் அவர் தம் பிறந்த நாளையும் அறிந்துகொண்டார். அது 1777-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள். தாயின் குறைந்த நினைவிலிருந்து நிறைந்த விடை ஒன்றை வருவித்த இச்செயல், பின்னாளில் அவர் செய்த பெருஞ்செயல்களுக்கெல்லாம் முன்னோட்டம் போன்றது.

பள்ளியிற் படித்த நாளில் நிகழ்ந்ததாக ஒரு கதை வழங்குகிறது. ஆசிரியர் பியூட்னர், மாணவர் நெடுநேரம் அமைதியாயிருக்கட்டும் என்று கருதி, 1 முதல் 100 வரையுள்ள எண்களையெல்லாம் கூட்டுமாறு பணித்தார். பிற மாணவர் கற்பலகையில் எண்களை அடுக்கத் தொடங்குமுன்பே, சிறுவன் காஸ் விடையை எழுதிப் பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டான். முதல் எண்ணையும் கடை எண்ணையும் கூட்டினால் 101. இரண்டாவதையும் கடைக்கு முந்தியதையும் கூட்டினாலும் 101. இவ்வாறு 50 இணைகள் உண்டாதலின் தொகை 5050 என்பது அவன் கண்ட வழி. கதை வாய்வழியாக வளர்ந்ததே எனினும், அவ்வாசிரியர் தம் மாணவனின் ஆற்றலை உணர்ந்து அவனுக்கு உதவினார் என்பது மெய்.

தந்தையார் மகனைத் தம் தொழிலிலேயே பழக்க எண்ணினார். தாயார் அதற்கு இசையவில்லை. சிறுவனின் புகழ் அந்நாட்டுக் கோமகன் கார்ல் வில்ஹெல்ம் பெர்டினாண்டின் செவிக்கு எட்டியது. அவர் கல்விச் செலவு முழுவதையும் ஏற்றார். காஸ் 1795 முதல் 1798 வரை கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1796-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள், வயது பத்தொன்பது நிரம்பாத நிலையில், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தை வரையலாகும் என்று நிறுவினார். கிரேக்கர் காலம் முதல் ஈராயிரம் ஆண்டுகளாக எவரும் காணாத உண்மை அது. மொழி நூல் கற்பதா, கணிதம் கற்பதா என்று அதுவரை ஊசலாடிய அவர் உள்ளம் அன்று கணிதத்தில் நிலைத்தது.

1801-ஆம் ஆண்டு பிறந்த முதல் நாளன்று, இத்தாலிய நாட்டைச் சார்ந்த சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், பியாட்சி என்னும் வானநூலார் புதிய ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டார். அது விண்மீன்களைப்போல் நிலைத்திராமல் இரவுதோறும் சிறிது நகர்ந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஒரு கோள் இருத்தல் வேண்டுமென்று வானநூலார் பலர் தேடிக்கொண்டிருந்த காலம் அது. பியாட்சி பிப்ரவரி 11-ஆம் நாள் வரை அதனை 24 முறை நோக்கிக் குறித்தார். பின்பு நோயுற்றார், அதற்குள் அப்புள்ளி கதிரவன் ஒளியில் மறைந்து போயிற்று. சீரிஸ் என்று பெயரிடப்பட்ட அச்சிறு கோள் மாதங்கள் கழித்து மறுபடியும் வெளிவரும்போது வானில் எங்கே தோன்றும்? அது கதிரவனை ஒரு முறை சுற்றிவர நாலரை ஆண்டுக்குமேல் ஆகும். அவ்வளவு நீண்ட பாதையில் அவர் கண்டது நாற்பத்திரண்டு நாட்சிறு துண்டு. அத்துண்டிலும் ஒவ்வொரு குறிப்பும் சிறு பிழையுடையது. துண்டு சிறிதாயின், அதிலுள்ள மயிரிழைப் பிழையும் பாதையை நீட்டிப் பார்க்கும்போது பெருந்தொலைவாகிவிடும் அன்றோ?

அறிஞர் சிலர் கணக்கிட்டு வெவ்வேறிடங்களைச் சுட்டினர். இருபத்துநான்கு வயதினரான காஸ் தாமும் இம்முயற்சியில் இறங்கினார். அவருக்கு வானாய்வுக் கூடமும் இல்லை, பதவியும் இல்லை. பியாட்சியின் குறிப்புகளுள் மூன்றைக் கொண்டு பாதையை அமைத்தார். பின்பு அதனை மற்றக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பலகால் திருத்தினார். அவர் கூறிய இடம் பிறர் கூறிய இடங்களுக்கு நெடுந்தொலைவில் இருந்தது. அவர் கணக்குத் தவறியிருப்பின், முன்பின் அறியாத இளைஞன் ஒருவன் பெரியோர் அவையிற் புகுந்து பிழைபட்டான் என்பதோடு அவர் பெயர் மறைந்திருக்கும். பழைய ஆண்டு கழிந்து புத்தாண்டு பிறந்த இரவுகளில், கோத்தா நகருக்கு அருகிலிருந்து சாக் என்பவரும், பிரேமன் நகரிலிருந்து ஓல்பர்ஸ் என்னும் மருத்துவரும் தொலைநோக்கியைத் திருப்பினர். காஸ் சுட்டிய இடத்தருகே சீரிஸ் நின்றது. ஐரோப்பா முழுவதும் அவர் பெயர் பரவியது.

இவ்வெற்றிக்குப்பின் அவர் வாழ்வில் இன்பமும் துன்பமும் நெருங்கி வந்தன. 1805-இல் யோகன்னா என்னும் நங்கையை மணந்தார். மறு ஆண்டே, நெப்போலியன் படையோடு நிகழ்ந்த போரில் கோமகன் படுகாயமுற்று உயிர் நீத்தார். புரவலரை இழந்த காஸ் 1807-இல் கோட்டிங்கன் வானாய்வுக் கூடத்தின் தலைவரானார். வென்ற பிரெஞ்சு அரசினர் நகரத்தார்மீது தண்டவரி சுமத்தியபோது, அவர் பங்கு 2000 பிராங்கு என்று விதித்தனர். நண்பர் ஓல்பர்ஸ் பணம் அனுப்பினார். காஸ் அதனைத் திருப்பி அனுப்பிவிட்டார். பாரிசிலிருந்த லாப்லாஸ் என்னும் கணித மேதை அத்தொகையைத் தாமே செலுத்தினார். நாடுகள் பகைத்து நின்றபோதும் அறிஞர் பகைத்திலர். 1809-ஆம் ஆண்டு அக்டோபரில் மனைவியார் மகப்பேற்றின்பின் மறைந்தார். அக்குழந்தையும் சில மாதங்களில் இறந்தது. கோள்களின் இயக்கத்தைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்ததும் அவ்வாண்டிலேதான். பிழைகளின் ஒழுங்கை அவர் உலகுக்கு உரைத்தது அந்நூலின் இறுதிப் பகுதியில் ஆகும்.

அவ்வொழுங்கு யாது? ஒரே பொருளைப் பலமுறை அளந்தால் அளவுகள் சிதறி நிற்கும். ஆயினும் அச்சிதறல் கண்டவாறு அமைவதன்று. சிறு பிழைகள் மிகப்பல. பெரும் பிழைகள் மிகச்சில. கூடுதலாக நேரும் பிழைகளும் குறைவாக நேரும் பிழைகளும் ஏறத்தாழ ஒத்த தொகையின. அளவுகளைக் கிடைக்கோட்டில் வரிசையாகக் குறித்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தது என்பதை உயரமாகக் காட்டினால், நடுவில் உயர்ந்து இருபுறமும் ஒரே வகையாய்ச் சரிந்து செல்லும் வளைகோடு கிடைக்கும். அதன் உருவம் கோயில் மணியைக் கவிழ்த்தாற்போன்றது. நடுவுச்சி நிற்கும் இடமே சராசரி. இவ்வாறு அளவுகள் பரவி நிற்கும் நிலையை இயல்நிலைப் பரவல் என்று இன்று கணித நூலார் வழங்குவர்.

பல அளவுகளை எடுத்தவர் அவற்றின் சராசரியையே மெய்யளவாகக் கொள்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். அது தக்கதாயின், பிழைகள் எவ்வாறு பரவியிருத்தல் வேண்டும் என்று காஸ் வினவினார். கணக்கு அவரை மணிவடிவக் கோட்டிற்கே இட்டுச் சென்றது. அதனோடு, பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் எந்த விடைக்கு அத்தொகை மிகச் சிறிதாகிறதோ அதுவே ஏற்கத்தக்க விடை என்பதும் பெறப்பட்டது. மீச்சிறு வர்க்க முறை என்பது இதுவே. எனினும், இவ்வாதத்தில் ஒரு குறை உண்டு என்பதையும் கூறுதல் வேண்டும். சராசரி சிறந்தது என்பதை அவர் முன்னரே ஒப்புக்கொண்டு தொடங்கினார். அஃது ஏன் சிறந்தது என்பதற்கு அடிப்படைக் காரணம் காட்டினாரல்லர். அக்குறையை அடுத்த ஆண்டே நிறைத்தவர், வரி செலுத்தி உதவிய அந்த லாப்லாஸ்தான். ஒன்றையொன்று சாராத சிறுசிறு காரணங்கள் பல சேர்ந்து விளைவிக்கும் பிழை, தானே அவ்வடிவத்தை நெருங்கும் என்று அவர் விளக்கினார். இதற்கெல்லாம் முன்னரே, 1733-இல், தாய்நாடான பிரான்சை விட்டு இங்கிலாந்தில் ஏதிலியாய் வாழ்ந்த டி மாய்வர், காசு சுண்டும் கணக்கில் இக்கோட்டைக் கண்டிருந்தார். ஆயினும், அளவைப் பிழைகளோடு அதனை இணைத்து வானநூலார்க்கும் நில அளவையார்க்கும் நாட்கருவியாக்கிய பெருமை காஸையே சாரும்.

பரவல் மணிவடிவம் என்று அறிந்தால் மட்டும் போதாது. மணி ஒல்லியாய் உயர்ந்ததா, அகன்று தாழ்ந்ததா என்பதும் தெரிதல் வேண்டும். இருவர் ஒரு கட்டடத்தின் நீளத்தை ஐந்து முறை அளந்ததாகக் கொள்வோம். முதல்வர் பெற்ற அளவுகள் 98, 99, 100, 101, 102 அடி. இரண்டாமவர் பெற்றவை 90, 95, 100, 105, 110 அடி. இருவர்க்கும் சராசரி 100 அடியே. சராசரியை மட்டும் நோக்குவார்க்கு இருவரும் ஒத்த திறமையர். ஆனால் இரண்டாமவர் அளவை நம்பி எவரேனும் கூரைக்கு மரம் அறுப்பரோ?

இவ்வேறுபாட்டை ஓர் எண்ணாற் காட்டுதல் வேண்டும். சராசரியிலிருந்து ஒவ்வோர் அளவும் விலகிய தொலைவைக் கூட்டிப் பார்த்தால் பயனில்லை. முதல்வருடைய விலக்கங்கள் -2, -1, 0, 1, 2 ஆதலின் கூடுதலும் குறைவும் தம்முள் அழிந்து சுழியாகிவிடும். இரண்டாமவர்க்கும் அவ்வாறே. ஆதலால் விலக்கங்களை வர்க்கப்படுத்துதல் வேண்டும். அப்போது குறையெண்களும் மிகையெண்களாகும். பெரிய விலக்கங்கள் மேலும் பெரியனவாய் வெளிப்படும். முதல்வர்க்கு வர்க்கங்கள் 4, 1, 0, 1, 4, தொகை 10. அதனை 5-ஆல் வகுத்தால் 2. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.4 அடி. இரண்டாமவர்க்கு வர்க்கங்களின் தொகை 250. 5-ஆல் வகுத்தால் 50. வர்க்கமூலம் ஏறத்தாழ 7.1 அடி. வர்க்கமூலம் எடுப்பது, சதுர அடியாகிவிட்ட அளவை மீண்டும் அடியாக்குதற்கே. மாணவர் பலர் இக்கடைசிப் படியை மறந்துவிட்டு விடை பெரிதாயிற்றே என்று மயங்குவர்.

இத்தகைய அளவையே காஸ் 1820-களில் எழுதிய நூலில் சராசரிப் பிழை என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினார். ஆங்கிலக் கணித அறிஞர் கார்ல் பியர்சன் 1890-களில் அதற்குப் புதுப்பெயர் சூட்டினார். நம் பாடநூல்களில் அது திட்டவிலக்கம் எனப்படும். மணிவடிவக் கோட்டில் அதன் இருப்பிடத்தைக் கண்ணாலேயே காணலாம். உச்சியிலிருந்து இறங்கும் கோடு முதலில் குடைபோற் கவிந்து வரும். பின்பு ஓரிடத்தில் வளைவு மாறி, கிண்ணம்போல் விரியத் தொடங்கும். அம்மாற்றம் நிகழும் இடம் சராசரியிலிருந்து சரியாக ஒரு திட்டவிலக்கத் தொலைவில் உள்ளது. இயல்நிலைப் பரவலில், சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்டவிலக்கத்திற்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 68 அளவுகள் அடங்கும். இரண்டனுள் ஏறத்தாழ 95 அடங்கும். மூன்றனுள் ஆயிரத்திற்கு 997 அடங்கும். மூன்றையும் கடந்து ஓர் அளவு நின்றால், தற்செயலோ வேறு காரணமோ என்று ஐயுறுதற்கு இடமுண்டு. ஆனால், உலகிலுள்ள எல்லாத் தொகுதிகளும் இவ்வடிவின அல்ல. ஒரு நாட்டு மக்களின் வருவாய் இவ்வாறு இருபுறமும் ஒத்துப் பரவுவதில்லை. செல்வர் சிலர் பக்கம் கோடு நீண்டு இழுபடும். பரவலின் வடிவை நோக்காது 68, 95 என்று எழுதிவிடுவது கணக்காகாது.

தாம் கண்ட முறையைக் காஸ் ஏட்டோடு விட்டாரல்லர். 1820-இல் ஹானோவர் நாட்டை முக்கோண முறையில் அளக்கும் பொறுப்பை ஏற்றார். கோடைதோறும் வண்டியேறி மலைகளிலும் மரமடர்ந்த சமவெளிகளிலும் அலைந்தார். நெடுந்தொலைவிலுள்ள குன்றைக் கருவியால் நோக்குவது கடினமாயிருந்தது. முன்னர் ஒருநாள், தொலைவிலிருந்த கோபுரத்துச் சாளரக் கண்ணாடி கதிரொளியில் மின்னியதை அவர் கண்டிருந்தார். அதனை நினைந்து, கண்ணாடியால் வெயிலைத் திருப்பித் தொலைவிலுள்ளவர் கண்ணுக்கு நேரே செலுத்தும் கருவி ஒன்றை 1821-இல் ஆக்கினார். ஹெலியோட்ரோப் என்பது அதன் பெயர். அதன் உதவியால் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பக்கமுடைய முக்கோணத்தையும் அவரால் அளக்க முடிந்தது. முக்கோணத்தின் கோணங்களை அளந்து கூட்டினால் வரவேண்டிய தொகை ஒருபோதும் சரியாக வருவதில்லை. சிறிது கூடியோ குறைந்தோ நிற்கும். அவர் அப்பிழையை மறைக்கவில்லை. தம் விருப்பம்போல் ஒரு கோணத்தின்மேல் ஏற்றவுமில்லை. மீச்சிறு வர்க்க முறையால் எல்லாக் கோணங்கட்கும் பகிர்ந்தளித்தார். இவ்வேலைக்காக அவர் போட்ட கணக்குகள் எண்ணிறந்தன. இத்துணைப் பெரிய அறிவு இத்தகைய வேலையிற் கழிந்ததே என்று வருந்துவாரும் உளர். ஆனால் வளைந்த பரப்புகளைப் பற்றி 1827-இல் அவர் வெளியிட்ட புகழ்மிக்க ஆராய்ச்சிக்கு இந்நில அளவைப் பணியும் தூண்டுதலாயிற்று.

காஸின் முத்திரையில் கனிகள் சிலவே தாங்கிய மரம் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. முற்றும் கனியாத எதனையும் அவர் வெளியிட மாட்டார். இப்பண்பு சில வேளைகளில் பிறரைப் புண்படுத்தியது. மீச்சிறு வர்க்க முறையை முதலில் அச்சிட்டவர் பிரெஞ்சு நாட்டு லெஜாந்தர், ஆண்டு 1805. காஸோ, 1795 முதலே அதனைத் தாம் கையாண்டு வந்ததாகத் தம் நூலில் எழுதினார். லெஜாந்தர் மனம் கசந்தார். காஸ் கூறியது பொய் என்று கருத இடமில்லை. எனினும், பத்தாண்டு பெட்டியிற் பூட்டி வைத்ததைப் பிறரொருவர் உழைத்துக் கண்டு வெளியிட்டபின் உரிமை பேசினால், அவர் வருந்துவது இயற்கையே.

தாயார் டோரதியாவைக் காஸ் 1817-இல் தம் இல்லத்திற்கு அழைத்துக்கொண்டார். அவ்வம்மையார் இறுதி நாட்களில் கண்பார்வை இழந்தார். 1839-இல், தொண்ணூற்றைந்து வயதைக் கடந்தபின் காலமானார். இரண்டாம் மனைவியார் மின்னா அதற்கு எட்டாண்டு முன்னரே மறைந்திருந்தார். முதுமையிலும் காஸ் ஓய்ந்திருந்தாரல்லர். பல்கலைக்கழகப் பேராசிரியரின் கைம்பெண்களுக்கென அமைந்த உதவிநிதி நெடுங்காலம் நிலைத்து நிற்குமா என்பதை, நிகழ்தகவுக் கணக்கால் ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் விடியற்காலையில் கோட்டிங்கனில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

அவர் மறைந்து நூற்றாண்டுக்கு மேலாயினபின், ஜெர்மனி வெளியிட்ட பத்து மார்க் பணத்தாளில் அவர் உருவம் அச்சிடப்பட்டது. 1991 முதல், யூரோ நாணயம் வழக்கிற்கு வரும் வரை, அத்தாள் அந்நாட்டு மக்கள் கைகளில் உலவியது. கடைத்தெருவில் ரொட்டி வாங்குவோரும் விற்போரும் நாள்தோறும் தொட்ட அத்தாளில், அவர் முகத்தருகே மணிவடிவக் கோடும் அதன் சூத்திரமும் விளங்கின. மறுபுறத்தில், அவர் கோடை வெயிலில் அலைந்து அளந்த முக்கோணங்களின் சிறுபடம் ஒன்று இருந்தது.